மூச்சை அளந்து திறக்கும் மரபணு



பயறு வகைச் செடிகளின் வேரில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்துவிட்டோம். படித்து, பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு அப்பால் இருப்பதுதான் இன்றைய பேச்சு. வேலையைத் தொடங்க இதுதான் நேரம் என்று அந்தப் பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது? தன்னிடமுள்ள ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? தான் தயாரித்த அம்மோனியாவைத் தானே தின்னாமல் அடுத்தவருக்கு ஏன் கொடுக்கிறது? இந்த மூன்று கேள்விகள்தான்.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குவோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி. இவற்றையெல்லாம் நடைப்பயிற்சிக்கும் படகு விடுவதற்குமா வெட்டினார்கள்? நெல்லுக்காக வெட்டினார்கள். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டேங்க் தொழிற்சாலை வந்தது, வயல்கள் மனைகளாயின. ஆனாலும் ரயிலில் மேற்கே போய்த் திருநின்றவூரைத் தாண்டிப் பாருங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து இன்றும் நடுகிறார்கள். திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான டி.கே.எம். 6 என்ற நெல், ஆசியா முழுக்கப் பரவிய ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36 ரகங்களின் முன்னோர்களில் ஒன்று. இந்த வட்டாரத்து மேடையில் ஏறி இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் எவ்வளவு பெருமைக்குரிய நெல்லாக இருந்தாலும் அதற்கு ஒரு குறை உண்டு. அதைச் சுற்றியிருக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதாவது தழைச்சத்துக் கடலிலேயே நெல் நிற்கிறது. அப்படியும் தழைச்சத்து இல்லாமல் வெளுத்துப்போகிறது. ஏன்? காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்த நெல்லால் முடியாது. மாட்டால் முடியாது. நம்மாலும் முடியாது.

மனிதன் அதைத் தொழிற்சாலை வைத்துச் செய்தான். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்து காட்டினார், கார்ல் பாஷ் அதைப் பெருந்தொழிலாக்கினார், 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. நம் பக்கத்தில் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த முறைக்கு 400 முதல் 500 டிகிரி வெப்பம் வேண்டும், நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும், ஹைட்ரஜனுக்காக நாஃப்தாவோ இயற்கை எரிவாயுவோ வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் அம்மோனியா, அதற்குப் பிறகு யூரியா, அதற்குப் பிறகு மூட்டை.

அதே வேலையை வயலோரத்தில் நிற்கும் தக்கைப்பூண்டு, சத்தமில்லாமல், மண்ணின் சூட்டிலேயே, நம்மைச் சுற்றியிருக்கும் சாதாரண அழுத்தத்திலேயே செய்கிறது. செடி செய்கிறதா? செடிக்கும் அந்த வித்தை தெரியாது. செய்வது வேர்முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா. ஹாலந்தில் பெய்யரிங்க் 1888-இல் அதை முடிச்சிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். இந்தியாவில் 1920 வாக்கிலேயே என்.வி. ஜோஷி இந்தப் பாக்டீரியாவைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார். விஷயம் பழையது. மரபணுக் கதைதான் புதியது.

நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். இரும்பும் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த உலோகக் கொத்து அதன் உள்ளே இருக்கிறது. அதைக் கட்டுவதற்கான மரபணுக்களை நிஃப் மரபணுக்கள் என்கிறார்கள். இந்த நொதியிடம் மூன்று தொல்லைகள் உண்டு.

மகா செலவாளி, இது முதல் தொல்லை. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏ.டி.பி. மூலக்கூறுகளை எரிக்கிறது. ஏ.டி.பி. என்பது உயிரணுவின் செலவுப் பணம். மகா மந்தம், இது இரண்டாவது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும் நொதிகள் இருக்கின்ற உலகத்தில் இது நொடிக்கு ஓரிரண்டு மூலக்கூறைத்தான் முடிக்கிறது. அதனால் ஒன்றிரண்டு நொதி வைத்திருந்தால் போதாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா தன் புரதத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இந்த ஒரு நொதிக்காகவே ஒதுக்குகிறது. மூன்றாவது தொல்லைதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும். இந்த நொதியின் இரும்புப் புரதத்தைக் காற்றில் திறந்து வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் பாதிக்கு மேல் பாழாகிவிடும். பாழானது திரும்பாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். செலவாளி, மந்தம், காற்றுப் பட்டால் காலி. இப்படிப்பட்ட நொதியைக் கட்டும் மரபணுவை யாராவது எந்நேரமும் திறந்து வைத்திருப்பார்களா? மாட்டார்கள். ரைசோபியமும் வைத்திருப்பதில்லை. மண்ணில் தனியாகத் திரியும்போது, ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, அது நைட்ரஜன் பக்கமே போவதில்லை. கிடைத்ததைத் தின்று பிழைக்கிறது. நிஃப் மரபணுக்கள் அதனிடம் இருக்கின்றன, ஆனால் மூடிக் கிடக்கின்றன.

செடிக்கும் அதற்கும் நடக்கும் அறிமுகத்தை நான் விரைந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவே தனியாக ஒரு மாலைப்பொழுதைக் கேட்கும். பயறுச் செடியின் வேர் ஃபிளேவனாய்டு என்னும் பொருளைக் கசியவிடுகிறது. பாக்டீரியாவிலுள்ள நாட்-டி என்ற புரதம் அதை உணர்ந்து நாட் மரபணுக்களைத் திறக்கிறது. அவை ஒரு சமிக்ஞைப் பொருளைத் தயாரித்து வேருக்கு அனுப்புகின்றன. தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தால்கூட வேர் அதைக் கண்டுகொள்ளும். பிறகு வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே இழுக்கிறது, முடிச்சு வளர்கிறது. நம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இந்த வழியைப் பின்பற்றுவதில்லை. பக்கவேர் கிளைக்கும் இடத்தில் தோலில் ஏற்படும் வெடிப்பு வழியாகவே அதன் பாக்டீரியா நுழைகிறது. அதனால்தான் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் பக்கவேர்களின் அடியில் ஒட்டி வரிசை கட்டி நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அறிமுகம் அவரைக் குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றுக்கும் நடப்பதில்லை. தெருவில் நிற்கும் புங்கத்துக்கு முடிச்சு உண்டு. தூங்குமூஞ்சிக்கு உண்டு. அகத்திக்கு உண்டு. அதே குடும்பத்தில் பிறந்த புளிக்கும் சரக்கொன்றைக்கும் கிடையாது.

சரி, உள்ளே வந்தாயிற்று. எப்போது நிஃப் மரபணுவைத் திறப்பது?

பூ விடத் தயாராக நிற்கும் தக்கைப்பூண்டுச் செடி ஒன்றை ஈர மண்ணிலிருந்து வேர் அறுபடாமல் மெல்லப் பிடுங்குங்கள். தண்ணீரில் அலசுங்கள். வேரில் மிளகளவு, சில இடங்களில் அதைவிடப் பெரிதாக, உருண்டை உருண்டையாக இருக்கும். நூற்புழு தாக்கிய வேரிலும் புடைப்பு உண்டு, ஆனால் அது வேரே வீங்கியதாக இருக்கும், பிய்த்தால் வராது. இந்த முடிச்சு விரலால் தட்டினாலே கழன்று வரும். ஒன்றை எடுத்துப் புது பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய முகம் வெளிறிய சிவப்பாக இருக்கும். விரலில் தேய்த்தால் விரலும் சிவக்கும். செடியின் வேருக்குள் சிவப்பு எங்கிருந்து வந்தது? 1939-இல் ஜப்பானில் ஹிதேயோ குபோ இதற்கு விடை சொன்னார். அது ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் ஓடும் அதே குடும்பத்துப் புரதம்.

செடிக்கு ஹீமோகுளோபின் எதற்கு? இங்கேதான் இந்தக் கூட்டணியின் பெரிய சங்கடம் இருக்கிறது. நொதிக்கு ஆக்சிஜன் விஷம். ஆனால் நொதிக்குத் தேவையான 16 ஏ.டி.பி. எங்கிருந்து வரும்? பாக்டீரியா மூச்சு விட்டால்தான் வரும். மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் நொதி சாகும், இல்லாவிட்டால் பாக்டீரியா சாகும். என்ன செய்வது?

செடி ஒரு வழி செய்கிறது. முடிச்சின் வெளிப்பட்டையில் காற்று நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே வரும் ஆக்சிஜனை ஹீமோகுளோபின் உடனே பற்றிக்கொண்டு பாக்டீரியாவின் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தனியாகத் திரிவதில்லை. முடிச்சுக்குள் தனியாக இருக்கும் ஆக்சிஜன், காற்றோடு தொடர்புள்ள தண்ணீரில் இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். லோட்டஸ் என்று ஒரு பயறுச் செடி உண்டு, தாமரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சின்னப் பயறுச் செடியில் 2005-இல் இந்த ஹீமோகுளோபினை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். முடிச்சு வந்தது, பாக்டீரியா குடியேறியது, நைட்ரஜன் மட்டும் ஒரு துளிகூடப் பிடிபடவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது? ஆக்சிஜன் குறைவதை வைத்துத் தெரிகிறது. நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, செடி பசியோடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. மூச்சுக் காற்றை அளக்கிறது, அவ்வளவுதான்.

அளப்பது எப்படி, மரபணுவைத் திறக்கச் சொல்வது யார்? இது இரண்டாவது கேள்வி. உங்களில் பாதிப் பேர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள், அதனால் உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். ஆலையின் கேட்டில் ஒரு செக்யூரிட்டி நிற்கிறார். பாக்டீரியாவின் மேல்சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஃபிக்ஸ்-எல் என்ற புரதம்தான் அவர். அவர் கையிலும் ஹீமோகுளோபினில் இருப்பதைப்போன்ற ஹீம் இரும்பு இருக்கிறது. இரும்பில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் வரை அவர் வாய் திறக்க மாட்டார். ஆக்சிஜன் விலகியதும் தன்மீது ஒரு பாஸ்ஃபேட்டை ஏற்றிக்கொண்டு, அதை உள்ளே நிற்கும் சூப்பர்வைசரான ஃபிக்ஸ்-ஜே கையில் கொடுத்துவிடுவார். பாஸ்ஃபேட்டு கைக்கு வந்த பிறகுதான் ஃபிக்ஸ்-ஜே டி.என்.ஏ.வில் போய் உட்காருவார், இரண்டு ஃபோர்மேன்களை வேலைக்கு அழைப்பார். ஒருவர் நிஃப்-ஏ. அவர் போய் நைட்ரஜனேஸ் மரபணுக்களை ஓட விடுவார். இன்னொருவர் ஃபிக்ஸ்-கே. இவருக்கு வேறு வேலை. அவ்வளவு குறைந்த ஆக்சிஜனிலும் மூச்சு விடக்கூடிய சிறப்பு நொதி ஒன்றைக் கட்ட வைப்பார்.

பாருங்கள், ஒரே சேதிக்கு இரண்டு ஏற்பாடு. ‘ஆக்சிஜன் குறைந்துவிட்டது’ என்பதே சேதி. நொதியைக் கட்டலாம், இப்போது பாதுகாப்பு என்பது ஒரு அர்த்தம். மூச்சு முட்டப்போகிறது, வேறு சுவாச இயந்திரத்தைப் பூட்டு என்பது இன்னொரு அர்த்தம். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் பாக்டீரியா பிழைக்காது. அமெரிக்காவில் கில்ஸ்-கொன்சாலெஸும் உடன் உழைத்தவர்களும் 1991-இல்தான் ஃபிக்ஸ்-எல் ஒரு ஹீம் புரதம் என்று காட்டினார்கள். பூமியில் எத்தனையோ கோடி ஆண்டுகளாக நடந்துவருவதை நாம் தெரிந்துகொண்டது அவ்வளவு பிந்தி.

இதோடு நின்றதா என்றால் இல்லை. ரைசோபியத்தின் நிஃப்-ஏ புரதமே ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். அதாவது கேட்டில் ஏதோ தவறு நடந்து உத்தரவு போய்விட்டாலும், உள்ளே காற்று இருந்தால் அந்த ஃபோர்மேனால் மெஷினைத் தொட முடியாது. நான் சொன்ன இந்த வரிசை குதிரைமசால் செடியின் பாக்டீரியாவில் நன்றாக ஆராயப்பட்டது. சோயாவின் பாக்டீரியாவில் நிஃப்-ஏவுக்கு உத்தரவு வேறொரு பாதையில் போகிறது. ஆனால் எங்கே பார்த்தாலும் கடைசியில் ஆக்சிஜனை அளக்காமல் எதுவும் நகர்வதில்லை.

இந்தக் குதிரைமசால் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 2001-இல் முழுமையாகப் படித்தார்கள். சுமார் 6,200 மரபணுக்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலையிடம் நாலாயிரத்துச் சொச்சம்தான். ஒரு மண் பாக்டீரியாவுக்கு இத்தனை எதற்கு? இரண்டு வாழ்க்கை வாழ்வதற்கு. மண்ணில் ஒரு வாழ்க்கை, முடிச்சில் ஒரு வாழ்க்கை. முடிச்சு வாழ்க்கைக்கான நாட், நிஃப், ஃபிக்ஸ் மரபணுக்களில் பெரும்பகுதி முதன்மைக் குரோமசோமில் இல்லாமல் தனியான ஒரு பெரிய பிளாஸ்மிட்டில் இருக்கிறது.

அடுத்து சாப்பாடு. செடி பாக்டீரியாவுக்கு என்ன கொடுக்கிறது? சர்க்கரையா? இலையிலிருந்து முடிச்சு வரைக்கும் சர்க்கரையாகத்தான் வருகிறது. முடிச்சுக்குள் செடி அதை மாலிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களாக மாற்றி, அதைத்தான் பரிமாறுகிறது. பாக்டீரியாவும் அதற்கேற்றபடி டி.சி.டி. என்ற மரபணுக்களைத் திறக்கிறது. டி.சி.டி.-பி வெளியே அமிலம் இருப்பதை உணரும், டி.சி.டி.-டி மரபணுவைத் திறக்கும், டி.சி.டி.-ஏ அமிலத்தை உள்ளே இழுக்கும். இந்த இழுக்கும் புரதம் கெட்டுப்போன பாக்டீரியாக்களை 1980-களில் பரிசோதித்தார்கள். முடிச்சு போட்டன. நைட்ரஜன் பிடிக்கவில்லை. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஈ.கோலைக்கு முன்னால் சர்க்கரையையும் சக்சினிக் அமிலத்தையும் வைத்தால் முதலில் சர்க்கரையைத்தான் தொடும். ரைசோபியத்துக்கு முன்னால் வைத்தால் அமிலத்தை முதலில் காலி செய்யும், அதுவரை சர்க்கரை மரபணுக்களைத் திறக்கவே திறக்காது. அதன் நாக்கே அப்படி.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். இத்தனை செலவு செய்து தயாரித்த அம்மோனியாவை அது ஏன் தானே வைத்துக்கொள்ளவில்லை? தனியாக வாழ்ந்து நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு, கிளெப்சியெல்லா என்று ஒன்று. அது தனக்கு வேண்டிய அளவு அம்மோனியா சேர்ந்ததும் நிஃப் மரபணுவை மூடிவிடும். நியாயம்தானே, வயிறு நிறைந்த பிறகு யார் சமைப்பார்கள்? அங்கே நிஃப்-எல் என்ற புரதம் நிஃப்-ஏவின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ரைசோபியத்தில் அந்த நிஃப்-எல் இல்லை. அதனால் அம்மோனியா குவிந்தாலும் நிற்கச் சொல்ல ஆளில்லை. அதுமட்டுமா? முடிச்சுக்குள் போனதும் அம்மோனியாவைத் தன் புரதத்துக்குள் சேர்த்துக்கொள்ளும் சொந்த நொதிகளையே அது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. தயாரிப்பு முழு வேகத்தில், சொந்தச் செலவு ஏறத்தாழ மூடல். வழிவது முழுக்கச் செடிக்கு. செடி அதைக் குளுடமினாக மாற்றி மேலே அனுப்புகிறது. உளுந்தும் தட்டைப்பயறும் அதை மேலும் மாற்றி யூரைடு என்ற வடிவில் தண்டு வழியே ஏற்றுகின்றன.

இதைக் கேட்டதும் மேடைப் பேச்சாளர்கள் பலர் உருகிவிடுவார்கள். என்ன தியாகம், என்ன நட்பு, பாக்டீரியாவிடம் மனிதன் பாடம் படிக்க வேண்டும் என்பார்கள். நண்பர்களே, எனக்கு அதில் உடன்பாடில்லை. இது தியாகமாக இருந்தால் இவ்வளவு காவல் எதற்கு?

காவலா என்று கேட்கிறீர்களா? 2009-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஆய்வாளர்கள் பட்டாணியின் வேர்முடிச்சில் ஒன்றைக் கண்டார்கள். லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் வழியைப் பாக்டீரியா முடிச்சுக்குள் மூடிவிடுகிறது. மண்ணில் இருந்தபோது தானே தயாரித்தது. இங்கே செடி கொடுத்தால்தான் உண்டு. செடி நிறுத்தினால் வளர்ச்சி நின்றது. குடுமி செடியின் கையில்.

குதிரைமசால், பட்டாணி, கொண்டைக்கடலை சேர்ந்த கிளையில் இது இன்னும் கடுமை. நம் வெந்தயமும் அந்தக் கிளைதான், குதிரைமசாலின் பாக்டீரியாவேதான் வெந்தயத்தின் வேரிலும் முடிச்சு போடுகிறது. அந்தக் கிளையில் நன்றாக ஆராயப்பட்ட செடி ஒன்றில், முடிச்சுக்கென்றே சிறுபுரதங்களைத் தயாரிக்க 600-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. அந்தச் சிறுபுரதங்கள் பாக்டீரியாவுக்குள் புகுந்து அது இரண்டாகப் பிரிவதை நிறுத்துகின்றன. உடல் பெருக்கிறது, டி.என்.ஏ. மட்டும் பலமடங்கு பெருகுகிறது, வேலை மும்முரமாக நடக்கிறது. ஆனால் அது இனிமேல் பெருகாது. முடிச்சு அழுகினாலும் மண்ணுக்குத் திரும்பிச் சந்ததி பரப்ப முடியாது. உளுந்தின் முடிச்சில் அந்த அளவுக்குப் போவதில்லை, அங்கே பாக்டீரியா திரும்பி வர வாய்ப்பு உண்டு.

ஏமாற்றுகிறவனை என்ன செய்வது? 2003-இல் கலிஃபோர்னியாவில் டோபி கியர்ஸும் கூட்டாளிகளும் சோயா முடிச்சுகள் சிலவற்றைச் சுற்றி நைட்ரஜன் இல்லாத காற்றை வைத்தார்கள். பாக்டீரியா உழைக்கத் தயார், ஆனால் உழைக்கப் பொருளில்லை. செடிக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. சரக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த முடிச்சுக்குள் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. பாக்டீரியாக்களின் பெருக்கம் பாதியளவுக்கு விழுந்தது. மூச்சை வைத்துத் திறந்தவனுக்கு, மூச்சை வைத்தே தண்டனை.

ஆக, இரண்டு பேரும் தத்தம் மரபணுக்களைத் திறந்தும் மூடியும் ஒருவரை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை ஒப்பந்தம் என்பேன். நட்பு என்று சொல்ல மாட்டேன்.

இனி வயலுக்குப் போவோம். இங்கே விவசாயிகள் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு மூன்று விஷயம் சொல்லி முடிக்க வேண்டும்.

மண்ணில் நைட்ரேட்டு நிறைய இருந்தால் செடி முடிச்சே போடாது, போட்ட முடிச்சையும் கைவிடும். ஏன் போட வேண்டும்? ஒரு முடிச்சை வளர்க்க எவ்வளவு சர்க்கரை செலவாகிறது என்று அதற்குத் தெரியும். உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் ரைசோபியம் நேர்த்தி செய்துவிட்டு, பயிர் வெளிறியிருக்கிறதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால், ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் ஊதுகிறோம். இறவை உளுந்துக்கு எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்து அடியுரமாகப் போதும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதனால்தான். விதையில் இருந்த சத்து தீர்ந்து, முடிச்சு வேலை தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் அந்த 25 கிலோ.

ரைசோபியப் பொட்டலம் வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கிறது. எக்டருக்கான விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று. அரிசிக் கஞ்சியில் கலக்கும்போது கஞ்சி ஆறியிருக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, அன்றைக்கே அல்லது 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பொட்டலத்தில் இருப்பது உயிர், வெயிலில் வைத்தால் செத்துவிடும். இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், பொட்டலம் எல்லா வயலிலும் அதிசயம் செய்யாது. தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை போட்ட மண்ணில் உள்ளூர் ரைசோபியம் ஏற்கெனவே கூட்டமாக இருக்கும், புதிதாக வந்தது அதோடு போட்டி போட்டு முடிச்சுக்குள் நுழைய வேண்டும். பல நேரம் உள்ளூர்க்காரனே ஜெயிக்கிறான். அவன் சோம்பேறியாக இருந்தாலும் ஜெயிக்கிறான்.

தக்கைப்பூண்டை ஏன் பூக்கும் தறுவாயில் மடக்கி உழச் சொல்கிறார்கள்? காய் பிடிக்கத் தொடங்கினால் சத்தெல்லாம் விதைக்குப் போகும், முடிச்சுகள் கிழடாகும். அப்போது வெட்டிப் பாருங்கள், சிவப்பு போய்ப் பச்சையும் பழுப்புமாக இருக்கும். ஹீமோகுளோபின் சிதைந்துவிட்டது என்று பொருள். ஆக்சிஜனைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, நிஃப் மரபணு மூடிவிட்டது.

ஏரிப்பாசன வயலில் தண்ணீர் தேங்கினால் உளுந்து சோர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் கொஞ்சமும் இல்லாமல் போனால் பாக்டீரியா மூச்சு விட முடியாது, அதுதான் காரணங்களில் ஒன்று. தக்கைப்பூண்டு தண்ணீரைத் தாங்கும். செனகல் நாட்டிலிருந்து வந்த மணிலா அகத்தி இன்னும் ஒருபடி மேல். வேரில் மட்டுமல்ல, தண்டிலேயே முடிச்சு போடும். வேர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் தண்டு முடிச்சுகள் மேலே காற்றில் வேலை பார்க்கும். அதன் பாக்டீரியாவான அசோரைசோபியம், நான் முன்னால் சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று. செடியில்லாமல் தனியாக இருக்கும்போதும், காற்று குறைவாக இருந்தால், நைட்ரஜன் பிடிக்கும்.

கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. நம் டி.கே.எம். நெல்லுக்கு இந்த மரபணுவை ஏற்றிவிட்டால் யூரியாவே வேண்டாமே? நல்ல கேள்வி. நிஃப் மரபணுவை இடம் மாற்றுவது புதிதல்ல. 1972-இலேயே ரே டிக்ஸனும் ஜான் போஸ்ட்கேட்டும் கிளெப்சியெல்லாவின் நிஃப் மரபணுக்களை ஈ.கோலைக்குள் செலுத்தி, அதை நைட்ரஜன் பிடிக்க வைத்தார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் பிடித்தது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, நெல்லில் இன்னும் வரவில்லை. மரபணுவை ஏற்றுவதோடு வேலை முடிந்துவிட்டதா என்ன? பகலெல்லாம் ஆக்சிஜன் உற்பத்தி செய்யும் இலைக்குள் அதை எங்கே ஒளிப்பது? யார் மூச்சை அளப்பது? அம்மோனியா போதும் என்று யார் சொல்வது? அம்மோனியாவே மிஞ்சினால் செடிக்கு விஷமாயிற்றே? கடந்த முக்கால் மணி நேரமாக நான் சொன்ன அத்தனை ஏற்பாடும் நெல்லுக்குள் வர வேண்டும். சிலர் நிஃப் மரபணுக்களை உயிரணுவின் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். சிலர் தானியப் பயிரையே முடிச்சு போட வைக்க முயல்கிறார்கள். எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம். முடிச்சு என்பது ஆக்சிஜன் சிக்கலை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கும் இடம்.

கடலில் ஒரு பாசி இந்தச் சிக்கலைக் கடைசி வரைக்கும் தீர்த்துவிட்டது. 2024-இல் வந்த செய்தி. அதற்குள் வாழ்ந்த நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா, தன் மரபணுக்களில் பலவற்றை இழந்து, பாசி தயாரித்து அனுப்பும் புரதங்களை நம்பி, பாசி பிரியும்போது கூடவே பிரிந்து, கடைசியில் பாசியின் உறுப்பாகவே ஆகிவிட்டது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ரைசோபியம் அந்த எல்லைக்குப் போகவில்லை. அதற்கு இன்னும் மண்ணில் ஒரு வீடு இருக்கிறது.

அரங்குக்கு வெளியே மேசையில் தக்கைப்பூண்டும் வெந்தயமும் மண்ணோடு வைத்திருக்கிறோம். தண்ணீர், பிளேடு, கைலென்ஸ் எல்லாம் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் பிளேடைத் தொட வேண்டாம், பெரியவர்கள் வெட்டிக் காட்டுங்கள். வெட்டிய முடிச்சு வெள்ளையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள். அது ஏன் வேலை செய்யவில்லை என்று சேர்ந்து பார்ப்போம்.